என்ன குழம்பு? அன்பானவரை இழந்தவர்களுக்குச் சோறும் சொல்லும் பற்றி ஒரு வழிகாட்டி

என் அம்மா தினமும் மதியம் ஒரு மணிக்குப் போன் செய்வார். அவர் பெரம்பூரில், நான் வேளச்சேரியில். மற்ற வீடுகளில் "சாப்டியா?" என்று கேட்பார்கள். அம்மா நேராக "என்ன குழம்பு?" என்றுதான் ஆரம்பிப்பார். என் பதிலிலிருந்தே வீட்டு நிலவரம் அவருக்குப் புரிந்துவிடும். வெறும் ரசம் என்றால் யாருக்கோ உடம்பு சரியில்லை. கடையில் வாங்கினோம் என்றால் எனக்கும் மனைவிக்கும் ஏதோ மனத்தாங்கல். 2024 ஆடியில் அம்மா இறந்த பிறகு, அந்த ஒரு மணியை எப்படிக் கடப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஆபீஸில் டிபன் டப்பாவைத் திறக்காமலே பல நாள் திருப்பி எடுத்து வந்திருக்கிறேன்.

சமீபத்தில் ஒருவரை இழந்து, சென்னையில் ஒரு ஃபிளாட்டிலோ வாடகை அறையிலோ இருந்துகொண்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஊரில் நடக்கும் சாவுக்கு வழிகாட்டப் பெரியவர்கள் இருப்பார்கள். இங்கே லிஃப்டில் பார்ப்பவருக்குக்கூட நம் வீட்டில் என்ன நடந்தது என்று தெரியாது. அதனால் சில விஷயங்களை நாமே தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "மறந்துடு, மனசை வேற பக்கம் திருப்பு" என்று நிறைய பேர் சொல்வார்கள். நம் பழக்கவழக்கங்கள் அப்படிச் சொல்லவில்லை. படையல் என்பது இறந்தவருக்குச் சோறு வைப்பது. ஒப்பாரி என்பது இறந்தவரோடு பேசுவது. இரண்டிலுமே அவர் இன்னும் நம் முன்னால் இருக்கும் ஒரு ஆள்தான். மனநல ஆய்வாளர்களும் 1990களிலிருந்து இதைத் 'தொடரும் பிணைப்பு' என்று பேசுகிறார்கள். இறந்தவரோடு உறவை அறுத்துக்கொண்டால்தான் மனம் ஆறும் என்ற பழைய எண்ணத்தை அவர்கள் கைவிட்டுவிட்டார்கள். இனி வரும் படிகள் எல்லாமே இந்த ஒரு நம்பிக்கையின் மேல் நிற்பவை.

முதல் நாள்: கையில் கொடுப்பதை வாங்கிக் குடியுங்கள்

சாவு வீட்டில் அடுப்பு பற்ற வைக்கக் கூடாது என்று ஒரு வழக்கம் உண்டு. தீட்டு என்று காரணம் சொல்வார்கள். காரணம் எதுவாக இருந்தாலும் அதன் பலன் ஒன்றுதான்: சமைக்கும் பொறுப்பு அன்று உங்களுடையது இல்லை. தெருவோ உறவோ அதை எடுத்துக்கொள்ளும். முஸ்லிம் குடும்பங்களிலும் துக்க வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் சமைத்து அனுப்பும் பழக்கம் உண்டு. எங்கள் பெரம்பூர் தெருவில் சாமியானா கட்டி முடிப்பதற்குள் டீ கேனும் பன்னும் வந்துவிட்டன. யார் காசு கொடுத்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஃபிளாட்டில் இது தானாக நடக்காது. அதனால் நெருங்கிய நண்பர் ஒருவரிடம், முடிந்தால் காலையிலேயே, வாய்விட்டுச் சொல்லுங்கள்: "இன்னைக்குச் சாப்பாட்டை நீ பாத்துக்கோ." இப்படிக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. வந்தவர்கள் எல்லாரும் ஏதாவது செய்ய வேண்டும் என்று கையைப் பிசைந்துகொண்டுதான் நிற்பார்கள். வீட்டில் எத்தனை பேர், யாருக்குச் சர்க்கரை, எந்தக் குழந்தை காரம் சாப்பிடாது என்ற மூன்றையும் அந்த நண்பரிடம் சொல்லிவிட்டால் போதும்.

முதல் வாரம்: தட்டு வேண்டாம், டம்ளர் போதும்

பசிக்காது. உங்கள் மனம் பலவீனமாக இருப்பதால் அப்படி ஆகிறது என்று நினைக்காதீர்கள். பெரிய அதிர்ச்சியின்போது சுரக்கும் ஹார்மோன்கள் செரிமானத்தை ஓரமாகத் தள்ளிவிடுகின்றன. வாய் வறளும், வயிறு கல் மாதிரி இருக்கும், சோற்றைப் பார்த்தாலே தொண்டை அடைக்கும். இந்த நிலையில் தட்டு நிறையப் போட்டு "சாப்பிடு சாப்பிடு" என்றால் இன்னும் மூடிக்கொள்ளும். மெல்ல வேண்டாத, ஆற வைத்துச் சிறிது சிறிதாகக் குடிக்கக்கூடிய ஏதாவது ஒன்றுதான் உள்ளே போகும்.

எங்கள் வீட்டில் அப்பாவைக் காப்பாற்றியது நொய்க் கஞ்சி. அரை கப் அரிசி நொய், ஒரு கைப்பிடி பாசிப்பருப்பு, ஐந்து பல் பூண்டு, கால் டீஸ்பூன் வெந்தயம், ஐந்து கப் தண்ணீர். குக்கரில் ஐந்து விசில். ஆறியதும் உப்பும் மோரும் விட்டுக் கரைத்துக்கொள்ளலாம். ஒரு முறை வைத்தால் மூன்று பேருக்கு இரண்டு வேளைக்கு வரும். தொட்டுக்கொள்ளச் சுட்ட அப்பளம், அதுவும் பிடித்தால்தான். எதிர் வீட்டு அக்கா அதை எவர்சில்வர் தூக்கில் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் போய்விடுவார். அப்பாவுக்கு அந்தப் பேசாமைதான் பிடித்திருந்தது.

தனியாக இருப்பவர்கள் சமைக்க முயலவே வேண்டாம். சென்னையில் காலை வேளையில் பல தெருமுனைகளில் கேழ்வரகுக் கூழ் வண்டி நிற்கும். ஒரு சொம்பு கூழ், சின்ன வெங்காயம், மோர் மிளகாய். அது ஒரு வேளைச் சாப்பாடுதான். 2013இல் தொடங்கிய அம்மா உணவகங்களில் 1 ரூபாய்க்கு இட்லியும் 3 ரூபாய்க்குத் தயிர் சாதமும் என்று ஆரம்பித்தார்கள். இரண்டு இட்லி வாங்கி அங்கேயே நின்று சாப்பிட்டுவிட்டு வாருங்கள். பார்சல் வாங்கினால் அது மேசை மேலேயே காய்ந்து கிடக்கும். இதை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

இதில் ஒரு விஷயத்தைக் கட்டாயம் கவனியுங்கள். வீட்டில் யாராவது சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுக்கிறவராக இருந்தால், சாப்பிடாமல் அதை எடுப்பது ஆபத்தாக முடியலாம். சர்க்கரை இறங்கினால் வியர்க்கும், கை நடுங்கும், படபடக்கும், தலை சுற்றும். சாவு வீட்டில் இதைப் பார்ப்பவர்கள் "துக்கம் தாங்காமல் இப்படி ஆகிறார்" என்று நினைத்து விசிறிவிட்டுக்கொண்டிருப்பார்கள். எங்கள் அப்பாவுக்கு இரண்டாம் நாள் அப்படித்தான் ஆனது. பெரியம்மா மகள் நர்ஸ் என்பதால் கண்டுபிடித்தாள். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்துச் சோதித்துப் பாருங்கள். சரியானதும் ஏதாவது சாப்பிட வையுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108ஐக் கூப்பிடுங்கள். சாப்பாடு சரியாக இறங்காத நாட்களில் மருந்தின் அளவு பற்றி வழக்கமான டாக்டரிடம் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது. மாத்திரைகள் இருக்கும் பையை ஒருவர் பொறுப்பில் விட்டுவிடுங்கள்.

துக்கம் கேட்க வருகிறவர்களிடம் என்ன பேசுவது

ஒரே கதையை நாற்பது முறை சொல்ல வேண்டியிருக்கும். "எப்படி ஆச்சு? காலையில நல்லாத்தானே இருந்தாங்க?" ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்குவோம். முதலில் எனக்கு இது கொடுமையாக இருந்தது. பத்தாவது தடவை சொல்லும்போதுதான், நடந்தது நடந்துவிட்டது என்று எனக்கே உறைத்தது. அதனால் சொல்ல முடிகிறவர்கள் சொல்லுங்கள். முடியாதவர்கள் அந்த வேலையைத் தம்பியிடமோ மச்சானிடமோ ஒப்படைத்துவிட்டு உள் அறையில் உட்காருங்கள். அதைத் தப்பாக எடுத்துக்கொள்பவர் யாரும் இல்லை.

சிலர் சொல்வது குத்தும். வயதானவர் என்றால் "கல்யாணச் சாவு, கொடுத்து வெச்சவங்க" என்பார்கள். "நல்லவேளை, கஷ்டப்படாம போய்ட்டாங்க" என்பார்கள். "நீதான் தைரியமா இருக்கணும்" என்று ஆண்பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்வார்கள். பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை, சொல்லத் தெரியாமல் கையில் கிடைத்த வார்த்தையைப் போடுகிறார்கள். பதிலுக்கு ஒரு வாக்கியத்தைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். என்னுடையது, "இருக்கேங்க, நீங்க வந்ததே போதும்." இதற்கு மேல் யோசிக்கத் தெம்பு இருக்காது.

இன்னொன்று. துக்க வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் "போயிட்டு வரேன்" என்று சொல்ல மாட்டார்கள், பேசாமல் எழுந்து போய்விடுவார்கள். வெளி மாநிலத்திலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வந்த பிள்ளைகள் இது தெரியாமல், "சொல்லாமலே போய்ட்டாங்களே" என்று வருத்தப்படுவதைப் பார்த்திருக்கிறேன். வருத்தப்பட வேண்டாம், மரியாதையாகத்தான் அப்படிச் செய்கிறார்கள்.

குழந்தைகளிடம் "பாட்டி தூங்குறாங்க", "ஊருக்குப் போயிருக்காங்க" என்று சொல்லாதீர்கள். தூங்குகிறவர் எழுந்திருக்க வேண்டும், ஊருக்குப் போனவர் திரும்பி வர வேண்டும் என்று குழந்தை காத்திருக்கும், சில குழந்தைகள் தூங்கவே பயப்படும். "பாட்டி இறந்துட்டாங்க. அவங்க உடம்பு வேலை செய்யறதை நிறுத்திடுச்சு. இனிமே வர மாட்டாங்க. எங்களுக்கும் அழுகையா வருது" என்று சொன்னோம். என் மகள் கேட்டது ஒரே கேள்வி: "பாட்டியோட கண்ணாடியை நான் வெச்சுக்கலாமா?"

அழுகைக்குச் சொல் கொடுங்கள்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன்.

விழுப்புரத்திலிருந்து பெரியம்மா வந்து இறங்கியதும், தெரு முனையிலிருந்தே பாட ஆரம்பித்துவிட்டார். என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்க்கவில்லை, நேராக அம்மாவிடம் போய், "நான் கூப்பிட்டா நீ எந்திரிச்சு வருவியே, இப்ப யாருக்காகப் படுத்திருக்க?" என்று கேட்டார். அம்மாவின் சின்ன வயது, கல்யாணம், முதல் குழந்தை தவறியது, பெரம்பூரில் ஒற்றை அறையில் குடித்தனம் செய்தது எல்லாம் அதில் வந்தன. அம்மாவுக்கு முதல் குழந்தை ஒன்று தவறியது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு அழுதார்கள். ஒருவர் ஓய்ந்தால் அடுத்தவர் எடுத்தார்.

ஒப்பாரியைப் பல படித்த வீடுகள் வெட்கப்பட்டுக் கைவிட்டுவிட்டன. அது ஒரு பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன். அதன் இலக்கணத்தைக் கவனியுங்கள்: அது இறந்தவரைப் பற்றி "அவர் அப்படி இருந்தார்" என்று பேசுவதே இல்லை. "நீ" என்று அவரிடமே பேசுகிறது, கோபப்படுகிறது, கேள்வி கேட்கிறது, நன்றி சொல்கிறது. வடசென்னையில் ஆண்களுக்கு இதே வேலையை மரண கானா செய்கிறது. இரவு முழுவதும் சாவு வீட்டு வாசலில் உட்கார்ந்து, இறந்தவரின் பெயரையும் அவர் பிள்ளைகளின் பெயர்களையும் பாட்டில் கோத்துப் பாடுவார்கள். சங்கப் பாடல்களிலேயே இதற்கு ஒரு துறை இருக்கிறது, கையறுநிலை என்று பெயர். தலைவன் இறந்ததும் செயலற்றுப் போனவர்கள் பாடுவது. செய்வதற்கு ஒன்றும் இல்லாத நிலைக்குக்கூட நம் மொழி ஒரு பெயரும் பாட்டும் வைத்திருக்கிறது என்பது எனக்கு அந்த நாட்களில் பெரிய ஆறுதலாக இருந்தது.

பாடத் தெரியாதவர்கள் என்ன செய்வது? தனியாக ஓர் இடம் பார்த்து, அவரிடம் வாய்விட்டுப் பேசுங்கள். ஃபிளாட்டில் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும் என்ற கூச்சம் இருக்கும். மொட்டை மாடி இருக்கிறது. கடற்கரை இருக்கிறது, அலைச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காது. வேளச்சேரியிலிருந்து கடற்கரை நிலையம் வரை போகும் பறக்கும் ரயிலில், மதிய நேரத்தில், காலியான பெட்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து நான் அம்மாவிடம் பேசியிருக்கிறேன். முதல் வாக்கியம்தான் கடினம். எனக்கு அது "இன்னைக்குப் புளிக்குழம்பும்மா" என்று வந்தது.

பதினேழாம் நாள்

பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் ஆட்கள் இருப்பார்கள், வேலை இருக்கும். படையலில் இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் வைப்பார்கள். பதின்மூன்றாம் நாளோடு முடிக்கும் குடும்பங்களும் உண்டு. கணக்கு எதுவானாலும் அதற்கு மறுநாள்தான் உண்மையிலேயே கஷ்டமான நாள். எங்கள் உறவுகளைக் கிளாம்பாக்கத்தில் பஸ் ஏற்றிவிட்டு வந்து கதவைத் திறந்தபோது, வாடகைக்கு எடுத்த நாற்காலிகள் எல்லாம் போய், ஹால் மிகப் பெரியதாகத் தெரிந்தது.

ஆகவே பதினேழாம் நாளுக்கு முன்பே ஏற்பாடு செய்யுங்கள். "எதாவது வேணும்னா சொல்லு" என்று கிளம்பியவர்களில் மூன்று பேரைத் தேர்ந்தெடுங்கள். ஒருவரிடம், "செவ்வாய்க்கிழமை ராத்திரி வந்து என்னோட சாப்பிடு" என்று நாள் குறித்துச் சொல்லுங்கள். இன்னொருவரிடம், "தினமும் காலையில ஒரு மெசேஜ் போடு, நான் பதில் போடலைன்னாலும் போடு" என்று கேளுங்கள். மூன்றாமவர், இறந்தவரை நன்றாகத் தெரிந்தவராக இருக்கட்டும், அவரோடு கதை பேச மட்டும்.

எனக்கு அந்த ஒரு மணியை நிரப்ப யாரும் இல்லை. அதனால் நானே அப்பாவுக்குப் போன் செய்ய ஆரம்பித்தேன். அதே ஒரு மணிக்கு, அதே கேள்வி: "என்ன குழம்புப்பா?" முதல் வாரம் முழுக்க "என்னவோ இருக்கு" என்றார். ஒரு நாள், "தெரியல, பக்கத்து வீட்ல குடுத்தாங்க" என்றார். ஐப்பசி மழையில் ஒரு நாள் அவரே, "முருங்கைக்கீரை போட்டு சாம்பார் வெச்சேன், உப்பு ஜாஸ்தியாயிடுச்சு" என்றார். எழுபத்திரண்டு வயதில் அவர் முதன்முதலாக வைத்த சாம்பார் அது. உங்கள் வீட்டிலும் இறந்தவர் மட்டுமே கேட்ட ஒரு கேள்வியோ, அவர் மட்டுமே செய்த ஒரு சின்ன வேலையோ இருக்கும். அதை யாராவது ஒருவர் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அவரைப் போலவே செய்ய வராது, வர வேண்டிய அவசியமும் இல்லை.

இந்தக் காலத்தில் திடீரென்று ஒரு பழைய நகைச்சுவைக் காட்சியைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் குற்ற உணர்ச்சியில் துடிப்பவர்கள் உண்டு. துடிக்க வேண்டாம். மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் என்ற இரண்டு நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1999இல் இதைத் தெளிவாக எழுதினார்கள்: துக்கத்தில் இருப்பவர் இழப்பை நோக்கியும், அன்றாட வாழ்க்கையை நோக்கியும் மாறி மாறி ஊசலாடுவார், அந்த ஊசலாட்டமே அவரைத் தேற்றுகிறது. அவ்வளவு அழுத என் பெரியம்மா, நடுவில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாயங்காலத்துக்குப் பால் சொல்லியாச்சா?" என்று கேட்டுவிட்டுத் திரும்ப அழப் போனார். அவருக்கு எந்த ஆய்வும் தேவைப்படவில்லை.

போனில் இருக்கும் குரல்

இதை ஒத்திப்போடாமல் செய்யுங்கள். பயன்படுத்தாத சிம் எண்ணை மூன்று மாதம் போல விட்டுவிட்டால் கம்பெனி அதை நிறுத்திவிடலாம். பிறகு அதே எண் வேறு யாருக்காவது போகும். பல நாள் கழித்து அம்மாவின் எண்ணில் தெரியாத ஒருவரின் படம் வந்து நிற்பதைப் பார்ப்பது மிகவும் வலிக்கும். பேங்க் வேலைகளுக்கு ஓடிபியும் அந்த எண்ணுக்குத்தான் வரும். அதனால் ஒரு வருடத்துக்காவது ரீசார்ஜ் செய்து வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸப் கணக்கும் 120 நாள் பயன்படுத்தாமல் இருந்தால் நீக்கப்படும்.

உங்கள் போனில் அவரோடு பேசிய வாட்ஸப் சாட் பக்கத்தைத் திறந்து, ஆண்ட்ராய்டு போனாக இருந்தால் மேலே இருக்கும் மூன்று புள்ளியை அழுத்தினால் அதை எக்ஸ்போர்ட் செய்யும் வசதி இருக்கும். மீடியாவோடு சேர்த்து எடுத்து, மெயிலிலும் ஒரு பென் டிரைவிலும் போட்டு வையுங்கள். குரல் செய்திகளை இப்போதே கேட்க வேண்டும் என்பதில்லை. எனக்கு ஐந்து மாதம் ஆனது. பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்தால் போதும். என்னிடம் இருப்பதில் நீளமானது 48 வினாடி, வரும்போது அரை கிலோ சின்ன வெங்காயம் வாங்கி வரச் சொல்வது.

அதோடு, அவர் அடிக்கடி சொன்ன வார்த்தைகளை ஒரு நோட்டில் எழுதுங்கள். பெரிய அறிவுரைகளைத் தேட வேண்டாம். அம்மா கறிவேப்பிலையை "கருவேப்புல" என்பார், ஃபிரிட்ஜை "ஐஸ் பொட்டி" என்பார், கோபம் வந்தால் என் முழுப் பெயரைச் சொல்வார். முதல் மூன்று மாதத்தில்தான் இவை நன்றாக ஞாபகம் இருக்கும். தம்பி, தங்கை, பேரப்பிள்ளைகள் எல்லாரையும் ஆளுக்குப் பத்து சொல்லச் சொன்னோம். என் மகள் சொன்ன பத்தில் ஏழு எனக்குத் தெரியாதவை.

கைப்பக்குவத்தை எழுதி வையுங்கள்

சாப்பாட்டில் இதுதான் முக்கியமான படி. அவசரப்படாமல், இரண்டு மூன்று மாதம் கழித்துத் தொடங்குங்கள். வாசனையை உணரும் நரம்பு, மூளையில் உணர்ச்சியையும் நினைவையும் கையாளும் பகுதிகளோடு நெருக்கமாக இணைந்திருக்கிறது. அதனால் தாளிப்பு வாசனை வந்த நொடியில் அழுகை வரும். முதல் தடவை தனியாகச் சமைக்காதீர்கள், அடுப்பில் எண்ணெய் காயும்போது கண் மறைத்தால் கஷ்டம்.

முதலில், அவரோடு சமைத்தவர்களையும் அவர் கையால் சாப்பிட்டவர்களையும் கேளுங்கள். அம்மாவின் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு நான் வைத்தால் வரவே இல்லை. கத்திரிக்காய், மொச்சை, மாங்காய், புளி எல்லாம் சரி, ஆனால் ருசி வேறு. பெரியம்மாவிடம் போனில் கேட்டேன். "கருவாட்டைச் சுடுதண்ணியில போட்டியா, பச்சைத்தண்ணியில போட்டியா? கடைசியில பச்சை நல்லெண்ணெய் ஊத்துனியா?" என்று கேட்டார். இரண்டுமே நான் செய்யவில்லை. அப்புறம் எதிர் வீட்டு அக்கா சொன்னார், அம்மா குழம்பைக் காலையிலேயே வைத்து மதியம்தான் எடுப்பாராம்.

பிறகும் ஒரு குறை இருந்தது. அது குழம்பு மிளகாய்த்தூளில். டப்பாவில் அம்மா அரைத்த தூள் கால் கிலோ போல மிச்சம் இருந்தது. அதில் ஒரு பகுதியை எடுத்து வைத்துவிட்டு, மீதியில் சமைத்தால் உடனே அந்த ருசி. உங்கள் வீட்டிலும் அவர் கையால் செய்த பொடி, ஊறுகாய், வடகம் ஏதாவது இருந்தால் உடனே கொஞ்சம் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள், தெரியாமல் யாராவது காலி செய்துவிடுவார்கள்.

தூளின் அளவு யாருக்கும் தெரியவில்லை. அம்மா வழக்கமாகப் போகும் மாவு மில்லுக்குப் போனேன். மில்காரர் என்னைப் பார்த்ததும் மிஷினை நிறுத்தினார். "உங்கம்மா கொஞ்சம் நறநறன்னு அரைக்கச் சொல்லுவாங்க, தம்பி. ரெண்டாவது ஓட்டம் ஓட்ட விட மாட்டாங்க." அளவையும் ஓரளவு அவரே சொன்னார்: தனியா ஒரு கிலோ, காய்ந்த மிளகாய் அரை கிலோ, துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் நூறு நூறு கிராம், மிளகும் சீரகமும் ஐம்பது ஐம்பது, வெந்தயம் இருபத்தைந்து, விரலி மஞ்சள் ஐம்பது. எல்லாவற்றையும் வெயிலில் காய வைத்து எடுத்து வரச் சொன்னார். எழுதிக்கொள்ளப் பேப்பர் இல்லாமல் கையில் எழுதிக்கொண்டு வந்தேன். மளிகைக்கடை, மீன் விற்கும் அம்மா, பூக்காரர், இவர்களிடமெல்லாம் நாம் அறியாத ஒரு பகுதி இருக்கிறது. போய்ச் சொல்லுங்கள், அவர்களுக்கும் விஷயம் தெரிய வேண்டும்.

எழுதும்போது கிராமில் ஒரு வரியும், அவர் சொல்லும் விதத்தில் ஒரு வரியும் எழுதுங்கள். "புளி எலுமிச்சை அளவு" என்று அம்மா சொல்வதை நிறுத்துப் பார்த்தால் என் கையில் 30 கிராம் வருகிறது. இரண்டும் நோட்டில் இருக்கின்றன.

எழுதுவது

பேச வராதவர்களுக்கு இது. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1980களில் ஒரு எளிய முறையைச் சோதித்தார்: தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், மனதை அழுத்தும் விஷயத்தை நிறுத்தாமல் எழுதுவது. எழுத்துப் பிழை, அழகு எதையும் பார்க்க வேண்டாம், யாரிடமும் காட்டவும் வேண்டாம். எல்லாருக்கும் இது ஒத்துவரும் என்று சொல்ல முடியாது. எழுதி முடித்ததும் அன்று மனம் இன்னும் கனமாக இருக்கலாம். நாலு நாள் பார்த்துவிட்டு, பாரம் கூடிக்கொண்டே போனால் விட்டுவிடுங்கள். நான் இதில் ஒரே ஒரு மாற்றம் செய்தேன்: பெரியம்மாவைப் போல, "நீ" என்று அம்மாவிடமே எழுதினேன். மூன்றாம் நாள், அவர் கடைசியாகக் கேட்ட இளநீரை நான் வாங்கித் தராமல் போனது வந்தது. அதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

வீட்டில் இடமில்லாதவர்களுக்கு எழும்பூர் கன்னிமாரா நூலகமும் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமும் இருக்கின்றன. யாரும் ஏன் அழுகிறாய் என்று கேட்க மாட்டார்கள்.

வெளி உதவி எப்போது

துக்கம் நோய் இல்லை. ஆனால் மாதக்கணக்கில் தூக்கம், சாப்பாடு, வேலை எதுவும் நிலைக்கு வராமல், ஏக்கம் கொஞ்சமும் குறையாமல் இருந்தால் அதற்கு மருத்துவத்தில் தனிப் பெயரும் சிகிச்சையும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் இதற்கு 6 மாதம் என்பது அளவுகோல். அவ்வளவு காத்திருக்க வேண்டும் என்று பொருள் இல்லை. "நானும் போய்விட்டால் என்ன" என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும் அன்றே பேசுங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண் இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். அரசின் மருத்துவ உதவி எண்ணான 104க்கும் அழைக்கலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் ஸ்நேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050. நேரில் போக விரும்பினால் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்திலும், அரசுப் பெரிய மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும் வெளிநோயாளியாகப் பார்க்கலாம்.

முதல் அமாவாசை, முதல் பண்டிகை, தெவசம்

முதல் வருடத்தில் தேதிகள்தான் ஆளைச் சாய்க்கும். காலண்டரில் முன்கூட்டியே வட்டம் போட்டு, அன்று யார் வீட்டில் சாப்பாடு என்று முடிவு செய்துவிடுங்கள். மகாளய அமாவாசை, தை அமாவாசை, ஆடி அமாவாசை நாட்களில் மயிலாப்பூர் குளக்கரையிலும் மெரினாவிலும் தர்ப்பணம் கொடுக்கக் கூட்டம் இருக்கும். கூட்டம் பிடிக்காதவர்கள் வீட்டிலேயே சமைத்து, காக்காய்க்கு வைத்துவிட்டுச் சாப்பிடலாம். எங்கள் ஃபிளாட்டின் கைப்பிடிச் சுவரில் காக்காய்க்கு முன்னால் புறா வந்துவிடுகிறது. மகள் பாட்டியின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காவலுக்கு நிற்பாள். கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு நவம்பர் 2 கல்லறைத் திருநாள். கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் அன்று பூவும் மெழுகுவத்தியுமாகக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள். அங்கே பேசுகிறவர்களின் குரல் தாழ்ந்தே இருக்காது, இறந்தவரிடம் வீட்டுக் கதை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

முதல் தீபாவளிக்கு எங்களுக்குப் பண்டிகை இல்லை. அக்கம்பக்கத்தார் பலகாரம் கொடுக்கலாமா வேண்டாமா என்று தயங்கினார்கள். நாங்களே போய், "முறுக்கு மட்டும் குடுங்க, அப்பாவுக்குப் பிடிக்கும்" என்று சொன்னோம். இப்படி நாமே சொல்லிவிட்டால் அவர்களுக்கும் நிம்மதி.

தெவசம் திதிப்படி ஒரு நாளும் ஆங்கிலத் தேதி ஒரு நாளுமாக வரும். இரண்டு நாளும் வலிக்கும் என்று எதிர்பார்த்து, ஒன்றைச் சடங்குக்கும் ஒன்றைச் சாப்பாட்டுக்கும் வைத்துக்கொள்ளலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம். ஆங்கிலத் தேதியன்று பெரம்பூரில் அப்பா, பெரியம்மா, தம்பி குடும்பம், எதிர் வீட்டு அக்கா, எல்லாரும் இருந்தோம். மில்லில் புதிதாக அரைத்த தூளில் கருவாட்டுக் குழம்பு வைத்தேன். காலையிலேயே வைத்து, மதியம் ஒரு மணிக்கு எடுத்தோம். பெரியம்மா வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, "காரம் கொஞ்சம் கம்மி" என்றார்.

பழைய தூள் ஒரு சின்ன டப்பாவில் அப்பா வீட்டு ஃபிரீசரில் இருக்கிறது. மூடியில் பிளாஸ்திரித் துண்டு ஒட்டி, அம்மா பேனாவில் 'கு. தூள்' என்று எழுதியிருக்கிறார். அந்த டப்பாவைக் கழுவுவதற்கு அப்பா யாரையும் விடவில்லை.